நெய் ரோஸ்ட்டுக்காக ரயில் ஏறியவன்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. பந்தியில் உட்கார்ந்தால் என் இலையில் விழுந்த வடையை விட்டுவிட்டுப் பக்கத்து இலையில் விழுந்த வடையின் பருமனைக் கண்ணால் அளக்கிற ஜாதி நான். (என் வடைதான் பெரியது என்று பிற்பாடு பலமுறை தெரிந்திருக்கிறது. அதற்குள் அதைத் தின்று முடித்திருப்பேன்.) நிலத்தைப் பார்த்து, பதவியைப் பார்த்து, மாடி வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதையே உண்டு. அவர்கள் பொறாமைக்கு ஒரு அந்தஸ்து இருக்கிறது. நான் பொறாமைப்பட்டது தோசைக்கு. அந்தப் பொறாமை என்னை ரயிலில் ஏற்றி, திண்டிவனத்தில் இறக்கி, போலீஸ்காரர் முன்னால் நிறுத்தியது.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. நயா பைசா வந்த புதிது. பிரம்மதேசத்தில் ஏர் பிடித்த குடும்பத்திலிருந்து முதன்முதலில் பேனா பிடிக்கப் போனவன் நான். விழுப்புரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பாலகிருஷ்ணன் என்ற இன்னொரு குமாஸ்தாவோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ரூமில் வாசம். டிபன், சாப்பாடு எல்லாம் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஆறுமுகம் ஓட்டலில்.

மாதம் பிறந்ததும் முன்பணம் கட்டிவிட்டால் ஆறுமுகம் முதலாளி ஒரு தகர டோக்கன் கொடுப்பார். என்னுடையது பத்தாம் நம்பர். மூன்று வருஷம் அந்த டோக்கனை வைத்துக்கொண்டு அந்த ஓட்டலுக்கு விசுவாசமாக இருந்தேன். பக்கத்துத் தெருவில் புதிதாக ஓட்டல் திறந்து முதல் நாள் கேசரி இனாம் என்று சொன்னபோதுகூட நான் போகவில்லை. (பாலகிருஷ்ணன் போனான். நன்றாக இருந்ததாம்.)

அந்த விசுவாசத்துக்குக் கிடைத்த பலனைச் சொல்கிறேன். காலையில் பட்டணத்துக்குப் போகிற வண்டி விழுப்புரத்தில் வெகுநேரம் நிற்கும். எஞ்சின் தண்ணீர் குடிக்கும். பயணிகள் காபி குடிக்க ஓட்டலுக்கு ஓடி வருவார்கள். அந்தக் கூட்டம் உள்ளே நுழைந்ததும் ஆறுமுகம் முதலாளிக்கு டோக்கன்காரர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். எங்கள் பணம் ஒன்றாம் தேதியே அவர் மேஜைக்குள் போய்விட்டது. பயணியின் பணமோ இன்னும் அவன் சட்டைப் பையில் இருக்கிறது. முதலாளியின் பாசமெல்லாம் சட்டைப் பையில் இருக்கிற பணத்தின் மேல்தான். அவர்களுக்கு மின்விசிறிக்குக் கீழே இடம், நெய் ரோஸ்ட், அப்போதுதான் அரைத்த மல்லாட்டைச் சட்னி (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்). எங்களுக்கு மூலை மேஜை; முதல் ஈட்டில் ஊற்றி விறைத்துப்போன தோசை; சட்னி என்று சொல்லப்பட்ட ஒரு வெள்ளைத் தண்ணீர்.

பயணிகளிலும் ஒருவர்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை இருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் தெற்கேயிருந்து அந்த வண்டியில் வருவார். பேனா மை விற்கிற ஏஜெண்ட். விரல் நுனியெல்லாம் நீலம். பழுப்புக் கோட்டு, கையில் தோல் பெட்டி. அவர் வாசற்படியில் கால் வைக்கும்போதே முதலாளி கல்லாவிலிருந்து பாதி எழுந்து, "வாங்க சார் வாங்க! ஃபேன் கீழ குந்துங்க" என்பார். மூன்று வருஷத்தில் எனக்கு அவர் ஒருநாளும் பாதிகூட எழுந்ததில்லை. வாரத்தில் ஒருநாள் வருகிறவனுக்கு இந்த உபசாரமா என்று, அந்த ஏஜெண்ட் சாப்பிட்டு முடிக்கும்வரை மூலையிலிருந்து அவரையே முறைத்துக்கொண்டிருப்பேன். அவர் மெல்வது, விழுங்குவது எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை எல்லை மீறிவிட்டது. நான் வந்து அரைமணி நேரம் காத்திருந்து, கெஞ்சி, கல்லில் எனக்காகவே ஒரு தோசை ஊற்றவைத்தேன். அது முறுகுவதை, மடிவதை, தட்டில் ஏறுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். சப்ளையர் தட்டை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி நாலு அடி வந்தார். கல்லாவில் ஒரு விரல் சொடுக்கிய சத்தம். தட்டு அப்படியே திரும்பி மை ஏஜெண்ட் முன்னால் போய் உட்கார்ந்தது.

"முதலாளி, அது என்னோடதுங்க" என்றேன்.

"உங்களுக்கு என்னா சார் அவசரம்? நீங்க நம்ம வூட்டு ஆளு. அவரு வண்டியப் புடிக்கணும்" என்றார் முதலாளி, பாக்கைக் கடித்துக்கொண்டே.

அன்று ராத்திரி முழுக்க அந்தத் தோசை என் கண்முன் திரும்பித் திரும்பிப் போனது. ஒரு வாரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நம்ம வூட்டு ஆளாக இருந்தால்தானே இந்தக் கதி? அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் ரயில் பயணியாகிவிடுகிறேன்.

வேஷத்துக்கு வேண்டியதெல்லாம் பாலகிருஷ்ணனிடம் இருந்தது. தலைதீபாவளிக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த கோட்டு, ஒரு கூலிங் கிளாஸ், புத்தம் புதிய டிரங்குப் பெட்டி. "பெட்டியில ஒரு கீறல் வுழுந்தாலும் என் பொண்டாட்டி என்னை வூட்டுக்குள்ள சேக்கமாட்டா" என்று எச்சரித்துத்தான் கொடுத்தான். தலையில் ஒரு மப்ளரைச் சுற்றிக்கொண்டேன். பெட்டி காலியாக இருந்தால் தூக்கும்போதே தெரிந்துவிடும் என்று, வீட்டுக்காரர் குளியலறை கட்டுவதற்காகக் கொல்லையில் அடுக்கியிருந்த செங்கல்லில் ஏழெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். என் ஆபீஸ் பையைக் கையில் வைத்திருந்தால் குமாஸ்தா என்று காட்டிக்கொடுத்துவிடும். அதையும் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடினேன்.

அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று பத்து மணிக்குப் பெரிய அதிகாரி எங்கள் ஆபீஸைத் தணிக்கை பண்ண வருகிறார். முதல் நாள் சாயங்காலம் ஹெட்கிளார்க் என்னைக் கூப்பிட்டு, "நீதான் பக்கத்துல இருக்கற. சீக்கிரம் வந்து பீரோவெல்லாம் தொறந்து வை" என்று சாவிக் கொத்தை என்னிடம் கொடுத்திருந்தார். ஆபீஸ் பெயர் பொறித்த பித்தளை வில்லையோடு அது என் பைக்குள் இருந்தது. எட்டரைக்குள் டிபன் முடிந்துவிடும், பத்துமணி வேலைக்கு என்ன கேடு என்பது என் கணக்கு.

வண்டி வந்து, பயணிகள் இறங்கி ஓடிவந்தபோது, நானும் பக்கத்துச் சந்திலிருந்து பெட்டியோடு புறப்பட்டு அந்தக் கூட்டத்தில் கலந்தேன். செங்கல் கனத்தில் ஒரு தோள் இறங்கிவிட்டது. மூன்று வருஷமாகத் தினம் மூன்று வேளை பார்த்த முகம். முதலாளி கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது?

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத்தான் பார்த்தார்.

"வாங்க சார் வாங்க! ஃபேன் கீழ குந்துங்க. பட்டணமா?"

தலையை ஆட்டினேன். மின்விசிறிக் காற்று முதன்முதலாக என் மேல் பட்டது. தண்ணீர் வந்தது, அதில் விரல் முங்கியிருக்கவில்லை. காசை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள் (பயணிகளுக்கு அப்படித்தான் வழக்கம்). நெய் ரோஸ்ட் வந்தது. மல்லாட்டைச் சட்னி வந்தது. அடுத்த மேஜையில் மை ஏஜெண்ட் உட்கார்ந்திருந்தார். அவருடைய ரோஸ்ட்டையும் என்னுடையதையும் பார்த்தேன். என்னுடையது அரை விரல் நீளம் அதிகம். அந்த ஒரு நிமிஷம் நான் அடைந்த இன்பத்தைப் பிற்பாடு என் கல்யாணத்தில்கூட அடையவில்லை. (இதை வீட்டில் யாரிடமும் சொல்லவேண்டாம்.)

அப்போதுதான் முதலாளி சப்ளையரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பத்தாம் நம்பரு இன்னும் வரல பாரு. வந்தா அந்தக் காஞ்சுபோன தோசைய அவன் தலையில கட்டு. எங்க போவப் போறான் அவன்?"

பத்தாம் நம்பர் நான்தான். மின்விசிறிக்குக் கீழே சாப்பிடுகிறவனும் நான், காய்ந்த தோசைக்கு உரியவனும் நான். மூலை மேஜையில் காலியாக இருந்த என் இடத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. மின்விசிறிக்குக் கீழே இருந்த என்மேல் எனக்கே பொறாமை வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முதலாளி, நல்லாப் பாருங்க, நான் யாருன்னு!" என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். காபியைக் குடித்துவிட்டுக் கேட்கலாம். (காசு கொடுத்த காபி.)

காபி வந்தது. அதுவரை நான் அப்படிக் கொதிக்கிற காபியைப் பார்த்ததில்லை. டம்ளரைத் தொட முடியவில்லை. டவராவில் ஊற்றி ஊதிக்கொண்டிருக்கும்போதே ஸ்டேஷனில் மணி அடித்தது. முதலாளி எழுந்து நின்று, "வண்டி கெளம்புது! வண்டி கெளம்புது! ஜல்தி, ஜல்தி!" என்று கத்தினார். பயணிகள் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு எதற்கு அவசரம்? ஆனால் வாசலில் ஒரு போர்ட்டர் எப்போதும் நின்றுகொண்டிருப்பார். மேஜை சீக்கிரம் காலியானால் முதலாளிக்கு லாபம். பெட்டி தூக்கினால் போர்ட்டருக்குக் கூலி. அவர் விடுவிடுவென்று உள்ளே வந்து என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தார்.

"என்னா சாமி, பொட்டியில கல்லா வச்சிருக்கீங்க?" என்று முனகிக்கொண்டே ஓட ஆரம்பித்தார்.

"யோவ்! நான் போகல! பெட்டிய வைய்யா!"

"பயப்படாதீங்க சாமி, வண்டிய வுட்ரமாட்டேன்!"

பெட்டிக்குள் சாவி. சாவி போனால் வேலை. வேலை போனால் பிரம்மதேசத்துக்கு ஏர் பிடிக்கத் திரும்பவேண்டும். மப்ளர் அவிழ, கோட்டு பறக்க, நான் அவர் பின்னால் ஓடினேன். கேட்டில் நின்றவர், டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற பயணி என்று என்னைத் தடுக்கவே இல்லை. "ஓடுங்க, ஓடுங்க" என்று உற்சாகம் வேறு. போர்ட்டர் கடைசிப் பெட்டியின் கதவருகே போய்ச் செங்கல் டிரங்கை உள்ளே தள்ளினார். அதை இழுக்க நான் ஒரு காலை உள்ளே வைத்தேன். வண்டி நகர்ந்தது. உள்ளேயிருந்து நீல விரல்கள் என் கையைப் பிடித்தன.

"ஏறுங்க சார், ஏறுங்க! கால மேல வைங்க!" என்று ஒரே இழுப்பாக என்னை உள்ளே இழுத்துப் போட்டார் மை ஏஜெண்ட்.

வண்டி வேகம் எடுத்துவிட்டது. நான் பெட்டிமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். கண்ணாடி எங்கேயோ விழுந்துவிட்டது. ஏஜெண்ட் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"ஏன் சார், நீங்க அந்த மூலை டேபிள்ல குந்திக்கினு என்னைய மொறைச்சிக்கினே இருப்பீங்களே, அவருதான?"

மூன்று வருஷம் சோறு போட்டவருக்குத் தெரியவில்லை. வாரத்தில் ஒருநாள் பார்த்தவருக்குத் தெரிந்துவிட்டது. மறைத்துப் பிரயோஜனமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெயர் தணிகாசலம் என்றார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைவிட வருத்தமாக இருந்தார்.

"நான் உங்களப் பாத்துதான் சார் வயிறெரிவேன். எவ்ளோ நிம்மதியா குந்திக்கினு, ஆற அமர காபி குடிக்கறீங்க! நாலு வருஷமா அந்த ஓட்டலுக்கு வர்றேன், ஒருநாளாவது முழு டம்ளர் குடிச்சிருப்பனா? கொதிக்கக் கொதிக்கக் குடுப்பான், வாய் வைக்கறதுக்குள்ள ஸ்டேஷன்ல மணி அடிச்சிருவான். காச மட்டும் முன்னாடியே வாங்கிக்குவான்."

"எங்க காபி எப்பவும் ஆறிப்போய்த்தான் சார் வரும். வெதுவெதுன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன். அவரும் என்னைப் பார்த்தார். பயணிகள் வைத்துவிட்டு ஓடிய அத்தனை டம்ளர் காபியும் எங்கே போகும் என்று அதுவரை நாங்கள் இருவரும் யோசித்ததே இல்லை. மயிலம் வருவதற்குள் நான் ஜன்னல் வழியாக மூன்று முறை துப்பினேன்.

திண்டிவனத்தில் இறங்கினால் கேட்டில் டிக்கெட் கேட்டார்கள். என்னிடம் பத்தாம் நம்பர் டோக்கன்தான் இருந்தது. டிக்கெட் பரிசோதகர் என்னை ஓரமாக நிறுத்தினார்.

"பொட்டியில என்னா?"

"துணிமணிங்க" என்றேன். அவசரத்தில் வாயில் வந்தது அதுதான்.

"தொற."

திறந்தேன். செங்கல். அதைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் கூடியது. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்கள். அடியில் என் பை. பைக்குள் பித்தளை வில்லையோடு சர்க்கார் சாவிக் கொத்து. பரிசோதகரின் முகம் மாறியது. அளவு சேராத கோட்டு, டிக்கெட் இல்லை, பெட்டி நிறையச் செங்கல், சர்க்கார் சாவி. நானே அவர் இடத்தில் இருந்திருந்தால் என்னைப் பிடித்து உள்ளே போட்டிருப்பேன். போலீஸ்காரர் வந்தார்.

"எந்த ஆபீஸ பூட்டிட்டு வர்ற? இல்ல, தொறந்துட்டு வர்றியா?"

"நான் அங்கதாங்க வேலை செய்றேன்."

"அப்ப செங்கல்லு எதுக்குடா?"

"கனத்துக்குங்க."

போலீஸ்காரர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். அந்த ஊரில் என்னை இன்னார் என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை. எங்கள் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் அடுத்த பஸ்ஸிலேயே பிரம்மதேசத்துக்குச் செய்தி போய்விடும். அப்போது, ஏற்கெனவே டிக்கெட் கொடுத்து வெளியே போயிருந்த தணிகாசலம் மை விற்க வேண்டிய திண்டிவனத்துக் கடைகளுக்குப் போகாமல் திரும்பி வந்தார்.

"ஐயா, இவர எனக்குத் தெரியுங்க. வாரம் தவறாம பாக்கறேன். விழுப்புரத்துல ஆறுமுகம் ஓட்டல்ல மூலை டேபிளு. காஞ்ச தோசையத் தின்னுக்கினு என்னைய மொறைச்சிக்கினே இருப்பாரு. நல்ல மனுசன். திருடறதுக்கெல்லாம் சாமர்த்தியம் பத்தாதுங்க."

என் நடத்தைக்கு இதுவரை கிடைத்த சான்றிதழ்களில் இதுதான் உண்மையானது. அந்த முறைப்பை எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த பகை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்; அவரோ அதைப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். கதை முழுவதையும் கேட்ட போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அபராதத்தைத் தணிகாசலமே கட்டினார். செங்கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போகப் பார்த்தேன்.

"ஸ்டேஷன்ல குப்பை போடக்கூடாது. எடுத்துக்கினு போங்க" என்றார் பரிசோதகர்.

ஒரு பக்கம் தணிகாசலம், ஒரு பக்கம் நான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். போகிற வழியில் நான் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எவ்வளவு நிலம் என்று விசாரித்துக்கொண்டே வந்தார். தனக்கு ஊர் வளவனூர் என்றார். எனக்கிருந்த கலக்கத்தில் இந்த விசாரணையின் உள்நோக்கம் புரியவில்லை.

விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. ஆபீஸில் பீரோவின் பூட்டைக் கடப்பாரையால் உடைத்திருந்தார்கள். அதிகாரி அதன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹெட்கிளார்க் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத்தில் வைக்க முடியாது. எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். "வயிறு சம்பந்தமான அவசரத்தால் குறித்த நேரத்துக்கு வர இயலவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வேலை போகவில்லை, ஆனால் நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. பாலகிருஷ்ணன் பெட்டியில் நாலு கீறல். அவன் என்னோடு பேசுவதும் ஏறக்குறைய அதே ஆறு மாதம் தள்ளிப்போனது.

மறுநாள் காலை பழைய வேஷ்டி சட்டையில் மூலை மேஜையில் போய் உட்கார்ந்தேன். முதலாளி என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"என்னா சார், நேத்து டிபனுக்கு ஆளக் காணோம்? உங்களுக்கோசரம் தோசை எடுத்து வச்சிருந்தனே!"

அதையே கொண்டுவந்து வைத்தார்கள். மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. தின்றேன்.

அடுத்த மாதம் டோக்கன் வாங்கவில்லை. தணிகாசலமும் அந்த ஓட்டலை விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமைகளில், முதல் நாளே வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் கட்டிவந்த புளிச்சோற்றை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து என்னோடு பகிர்ந்துகொண்டார். (அவர் பக்கம் கொஞ்சம் அதிகம் போனது போலத்தான் எனக்குத் தோன்றும்.) புளிச்சோறு யார் கைப்பக்குவம் என்று நான் கேட்ட அன்று, "என் தங்கச்சி கமலா" என்று சொல்லிவிட்டு அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டார். அடுத்த தையில் வளவனூரில் எனக்கும் கமலாவுக்கும் கல்யாணம்.

கல்யாணமான ஒரு மாதத்தில் கமலாவைத் தனிக்குடித்தனத்துக்காக விழுப்புரம் அழைத்து வந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வண்டிக்காரரைத் தேடிக்கொண்டிருந்தபோது, அண்ணன் வாயால் ஊரெல்லாம் பரவியிருந்த அந்த ஓட்டலைப் பார்க்கவேண்டும் என்றாள். அவள் கையில் சீர்வரிசைப் பெட்டி. ஆறுமுகம் முதலாளி அந்தப் பெட்டியைப் பார்த்தார், எழுந்தார். "வாங்கம்மா வாங்க! ஃபேன் கீழ குந்துங்க. பட்டணமா?" என்றார். நெய் ரோஸ்ட் வந்தது. மல்லாட்டைச் சட்னியும் வந்தது.

அவள் ஓரத்தில் ஒரு விள்ளல் பிட்டு, சட்னியில் தொட்டு, வாயில் போட்டுக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிதானமாக மென்று விழுங்கிவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இதுக்கா ரயிலு ஏறுனீங்க?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது நிரந்தரமாகிவிட்டது. எதிர் வீட்டுக்காரர் ரேடியோ வாங்கியபோது நான் ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டேன். அந்தக் கேள்வி வந்தது. எனக்கு முன்னால் பாலகிருஷ்ணன் ஹெட்கிளார்க் ஆனபோதும் வந்தது. பிள்ளைகள் பேசக் கற்றுக்கொண்ட பிறகு அவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அர்த்தம் தெரியாத வயதிலேயே சரியான இடத்தில் கேட்டார்கள். இப்போதும் மச்சான் தணிகாசலம் வீட்டுக்கு வந்தால் முறுகலான முதல் தோசை அவர் தட்டுக்குத்தான் போகிறது. எனக்குக் கண் அங்கேயேதான் இருக்கும். ஆனால் வாயைத் திறப்பதில்லை. அடுப்பங்கரையிலிருந்து என்ன வரும் என்று தெரியும்.